கடைசி லாட்

எங்கள் முதல் கடைக்குச் சுவர் கிடையாது. பிரிஞ்சாங் என்ற மலையூரில் கார்கள் நிறுத்தும் திடலின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு கேஸ் அடுப்பு, தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். நானும் என் கணவரின் அக்காவும் அங்கே தோசை, வடை, தேத்தண்ணி விற்றோம். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நிறைய மூத்தவர், கணவரை இழந்தவர், சிரிப்பதற்குக் காரணம் தேடாதவர்.

ஒருநாள் காலை பார்க்கிங் அதிகாரி ஒருவர் வந்தார். நம் ஆள்தான், தமிழர். எங்கள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிவாகவே சொன்னார்.

"அம்மா, ரெண்டு லாட்ட பிடிச்சி வச்சிருக்கீங்க. காடி நிக்கிற எடம்லா இது. ஆளுங்க கம்ப்ளேன் பண்றாங்க."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "லாட்டா? இங்க எங்க பிள்ள இருக்கு தேயில?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த லாட் அதுதான். அண்ணி பதினாறு வயதில் கூடையை முதுகில் மாட்டியவர். ஓய்வு பெறும்வரை தேயிலை மலையில்தான் இருந்தார். நான் அதே தோட்டத்தின் ஆலையில் தூள் கட்டும் அறையில் வேலை செய்தேன். அன்றன்று தயாராகும் தூளைத் தனியாகப் பிரித்து ஒரு லாட் என்போம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து வெந்நீர் ஊற்றி வைப்பார்கள். டீமேக்கர் வந்து உறிஞ்சிப் பார்ப்பார். அவர் தலையாட்டினால் லாட் பாஸ். முகத்தைச் சுளித்தால் அத்தனை மூட்டையும் ஒதுங்கிவிடும். இந்த மூட்டை நல்லது, அந்த மூட்டை கெட்டது என்ற பேச்சே கிடையாது. மாலையில் நான் வீடு திரும்பும்போது அண்ணி தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நின்றபடி, "இன்னிக்கு நம்ம லாட்டு பாஸா?" என்று கேட்பார். அவர் பறித்த கொழுந்து எந்த மூட்டையில் போனதென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது 'நம்ம லாட்டு'தான்.

என் கணவரிடம் இதே வார்த்தை வேறு மாதிரி வரும். அவர் பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். காய்கறித் தோட்டத்தில் தரம் பிரிக்காமல் குவியலாக விற்பதை அவர் லாட் என்பார். மழையில் வெடித்த முட்டைகோஸை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். "லாட்டா அள்ளிட்டு வந்துட்டேன்" என்று சொல்லி அடுக்களையில் கொட்டுவார். எங்கள் வடை வியாபாரமே அந்தக் குவியலில்தான் ஆரம்பித்தது. தூள் கட்டும் அறைக்கு இயந்திரம் வந்து எனக்கு வேலை போயிருந்த நேரம். அண்ணியும் ஓய்வு பெற்று, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு பக்கத்து ஊரான தானா ராத்தாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பழகாதவர்கள். வெடித்த கோஸைப் பொடியாக அரிந்து, கடலைப் பருப்பு மாவோடு பிசைந்து, சோம்பு தட்டிப் போட்டு அண்ணி சுட்ட வடையை முதலில் பக்கத்து வீடுகள் சாப்பிட்டன. பிறகு எங்கள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டார்கள். "விக்கலாம்லா" என்று யாரோ சொன்னார்கள். விற்க வந்துவிட்டோம்.

அதிகாரி போகும்போது ஒரு நல்ல செய்தியையும் சொன்னார். திடலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கடைகள் கட்டுகிறார்கள். சாலையோரம் விற்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு லாட் கொடுக்கப்போகிறார்கள்.

"மறுபடியும் லாட்டா?" என்றார் அண்ணி.

"இது கடை லாட்டும்மா. சுவரு, கூரை, தண்ணிக் குழாய் எல்லாம் இருக்கும்."

கடைகள் கட்டி முடிந்தன. எல்லாருக்கும் முன்பக்கக் கடைதான் வேண்டும். பிரதான சாலையைப் பார்த்த முதல் சில கடைகளில் உட்கார்ந்தால் சுற்றுலாக்காரர்கள் தானாக வந்து விழுவார்கள். கடைசிக் கடையோ சாலையிலிருந்து ஒதுங்கி, படிக்கட்டின் மறைவில் இருந்தது. பக்கத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. சண்டை வரக்கூடாது என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் சீட்டுக் குலுக்க முடிவு செய்தார். அவர் பூ வியாபாரம் செய்யும் சீனர்; தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். எல்லாரிடமும் எல்லா மொழியையும் கலந்து பேசுவார். எங்களோடு தேன் விற்றுக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார், "சீட்டுக் குலுக்குறதுக்கும் இங்கிலீஷ்ல லாட்தான்" என்றார்.

அண்ணி அசரவில்லை. "சீட்டுப் போடுறது வேதத்துலயே இருக்குலா. சீஷருங்களே போட்டிருக்காங்க. நாமளும் போடுவோம்."

குலுக்கல் நாளில் அண்ணி கண்ணை மூடி, உதடு அசைய ஜெபம் செய்துவிட்டு, சீட்டுகள் போட்டிருந்த பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டார். சீட்டை எடுத்துப் பிரித்து என்னிடம் நீட்டினார். கடைசிக் கடை.

முதல் கடை ஸ்ட்ராபெரி விற்கும் அம்மாவுக்குக் கிடைத்தது. அவர் கைதட்டிச் சிரித்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தேன் வாத்தியார் என் தோளைத் தட்டி, "தட்ஸ் யுவர் லாட், மா" என்றார்.

"தெரியுது சார். கடைசிக் கடை."

"அதச் சொல்லலம்மா. தலையெழுத்துன்னு சொல்றோம்ல, அதுக்கும் அந்த வார்த்தைதான்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. தேயிலைக்கு ஒரு லாட், கோஸுக்கு ஒரு லாட், காருக்கு ஒரு லாட். எல்லாம் போதாதென்று தலையெழுத்துக்கும் ஒன்று. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அண்ணி பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்தார். இறங்கும்போது மட்டும், "அடுப்பு பத்துற எடம் எல்லாம் நல்ல எடந்தான் பிள்ள" என்றார்.

அடுப்பு பற்றியது. ஆள்தான் வரவில்லை. பனி மூடிய காலைகளில் எங்கள் கடை இருப்பதே வெளியில் தெரியாது. மேட்டுநிலக் குளிரில் தோசை மாவு புளிக்காது என்பதால், அண்ணி மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் குழந்தை மாதிரி கிடத்தி வைத்திருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துப் புளிக்க வைத்த மாவை மாலையில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மூன்று வேளையும் தோசை சாப்பிட்டும் என் கணவர் முகம் சுளிக்கவில்லை. வாய்விட்டுக் குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வரிசையின் நடுவில் ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கும் மாமாக் கடை வைத்திருந்த பாய் தினமும் மதியம் வந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். அவர் கடையிலேயே தேத்தண்ணி ஆறாக ஓடும். அவர் ஏன் வந்தார் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டோம்.

ஒருநாள் அண்ணி கடைக்குள் நின்றுகொண்டு பின்சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி?"

"ஆளுங்க பேசுறாங்க. கேளு."

காதை வைத்தேன். ஆண்கள் குரல். சிரிப்பு, இருமல், நின்றபடி உறுமும் எஞ்சின். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடையின் பின்பக்கம் சுற்றுலாப் பஸ்கள் நிற்கும் இடம். பயணிகளை இறக்கிவிட்டு டிரைவர்கள் மணிக்கணக்கில் அங்கேதான் காத்துக்கிடப்பார்கள். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் அவர்களுக்கும் எங்கள் சூடான தோசைக்கல்லுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான்.

"இதுல ஒரு ஜன்னல் வெட்டுனா?" என்றார் அண்ணி.

சங்கத் தலைவரிடம் போனோம். அவர் வந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், யோசித்தார். "வெட்டு வெட்டு. கடைசி கடைதானே, யாருக்கும் மறைக்காது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் என் கணவர் லோரி ஓட்டப் போகாமல் ரம்பத்தோடு வந்தார். பலகை விழுந்தது. வெளிச்சம் கடைக்குள் பாய்ந்தது. அறுத்த பலகையையே கீழே கீல் வைத்துப் பொருத்தித் தட்டு வைக்கும் மேசையாக்கினார். அவர் கடைசி ஆணியை அடிப்பதற்குள் அண்ணி வடையை எண்ணெயில் போட்டுவிட்டார்.

வாசனை போன வழியில் முகங்கள் திரும்பின. தடித்த குளிர்ச் சட்டை போட்ட ஒரு மலாய் டிரைவர் முதலில் வந்தார். "காக், மாக்கான் அடா?" என்று கேட்டார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா அக்கா என்கிறார். அண்ணி ஒரு வடையைத் தாளில் வைத்து நீட்டினார். அவர் கடித்தார். வாய் சுட்டு 'ஹா ஹா' என்று ஊதிக்கொண்டே திரும்பி நின்று மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். அந்தக் கையசைப்பு இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அதன்பிறகு நாங்கள் மாவுச் சட்டியை வீட்டுக்குத் தூக்கவில்லை. டிரைவர்கள் சாப்பிட்டார்கள். பிறகு பயணிகளிடம், "இங்கே சாப்பிடுங்கள்" என்று கையைக் காட்டினார்கள். ஊர் தெரியாதவர்கள் டிரைவர் சாப்பிடும் இடத்தைத்தான் நம்புவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம் எங்கள் ஜன்னலில் நின்றுவிட்டு அதற்குப் பிறகே முன்பக்கம் போனது. எங்கள் பின்சுவர் வாசலாகிவிட்டது.

இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து முன்பக்கச் சாலையில் வண்டி நிறுத்தக்கூடாது என்று அதிகாரிகள் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டார்கள். கார்கள் வேகத்தைக் குறைக்காமல் போயின. ஸ்ட்ராபெரி அம்மாவின் கடையில் பழம் வாடியது. அவர் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு சங்கத்தில் கேட்டார். "லாட்ட மறுபடி குலுக்கணும். ஒரே ஆளுக்கே நல்ல எடம்னா எப்படி?" கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தை நாங்கள் நல்ல இடமாக்கியிருந்தோம். இப்போது அதைப் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது.

கூட்டத்துக்கு முன்னால் அந்த மழை வந்தது. முந்தைய நாளிலிருந்தே விடாமல் பெய்தது. காலையில் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில், கீழே இறங்கும் சாலையில் மண் சரிந்துவிட்டது என்று டிரைவர்கள் சொன்னார்கள். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் மாலைவரை வண்டி போகாது. ஊருக்குத் திரும்பக் கிளம்பிய பஸ்கள் ஒவ்வொன்றாகத் திடலுக்கே திரும்பி வந்தன. வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு பெண்கள், வெளிநாட்டுக்காரர்கள். எல்லாரும் நனைந்து, பசித்து நின்றார்கள்.

ஒரு பஸ்ஸின் வழிகாட்டிப் பெண் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டேன். அவள் திரும்பித் திடலைப் பார்த்தாள். "தி ஹோல் லாட்" என்றாள்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ள?" என்று அண்ணி கேட்டார்.

"முழு லாட்டுக்கும் வேணுமாம் அண்ணி. எல்லாருக்கும்."

அண்ணி சேலையை இழுத்துச் செருகினார். தேயிலை ஆலையில் ஒரு லாட்டின் மூட்டைகளைத் தனித்தனியாகப் பிரிக்க மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்குத்தான் அவருக்கு. "ஒரு ஆள்கூட பசியோட நிக்கக்கூடாது. நீ வெங்காயத்த உரி."

மதியத்துக்கு முன்பே மாவு தீர்ந்துவிட்டது. நான் பாய் கடைக்கு ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் அவர், "அரிசி எடுத்துட்டுப் போங்க, என் பெரிய சட்டியையும் எடுங்க. ரொட்டிய நான் இங்க போட்டு அனுப்புறேன்" என்றார். என் கணவரால் திரிங்காப்பிலிருந்து வர முடிந்தது. சரிவு அந்தப் பக்கம் இல்லை. லோரி நிறைய கோஸ், காரட், கீரை. லாட்டாகத்தான் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். தேன் வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு முதியவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து உட்கார வைத்தார். சாம்பாரைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்தபோது, என் பக்கத்தில் யாரோ கோஸ் அரிந்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ராபெரி அம்மா. எப்போது வந்தார் என்று தெரியாது. கூப்பிடவும் இல்லை. நனைந்த தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல் அரிந்தார்.

"பொடிசா அரியணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் பெருசா இருந்தாலும் சரி, அக்கா."

பேச நேரமில்லை. கொதித்ததை இறக்கினோம், காலியானதைக் கழுவினோம், மறுபடி ஏற்றினோம். ஜன்னலுக்கு வெளியே ஆவியும் மழையும் கலந்து, கைகள் மட்டும் தெரிந்தன. நீண்ட கைக்கெல்லாம் தட்டுப் போனது. வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணியின் கண்ணைப் பார்த்து, "தாங்க்ஸ் எ லாட்" என்றார்.

அண்ணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா, நம்ம லாட்டுக்கு தாங்க்ஸ் சொல்றாங்க!"

"இல்ல அண்ணி. ரொம்ப நன்றின்னு சொல்றாங்க. லாட்டுன்னா அங்க நிறையன்னு அர்த்தம்."

அண்ணி ஜன்னல் வழியாகத் திடலை ஒருமுறை பார்த்தார். கார் நிற்கும் கட்டங்களில் எல்லாம் ஆட்கள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். "சரிதான்லா. நெறையத்தான் இருக்காங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

சாலை திறந்துவிட்டது என்று செய்தி வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பஸ்கள் புறப்பட்டன. ஒவ்வொரு டிரைவரும் எங்கள் ஜன்னலைக் கடக்கும்போது ஹாரன் அடித்தார். பயணிகள் கண்ணாடியைத் திறந்து கையசைத்தார்கள். நாங்கள் நாலைந்து பேர், எண்ணெயும் மஞ்சளும் படிந்த கைகளைத் தூக்கி ஆட்டினோம். பாய் கரண்டியையே ஆட்டினார். ஜெயித்தவர்களின் ஊர்வலம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அன்று எங்கள் முன்னால் ஒன்று போனது. போனவர்கள் எங்களைத்தான் வாழ்த்திக்கொண்டு போனார்கள்.

கூட்டம் சொன்ன நாளில் நடந்தது. சங்கத் தலைவர் பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்திருந்தார். பேச விருப்பமுள்ளவர்கள் பேசலாம் என்றார். அண்ணி எழுந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"குலுக்கணும்னா குலுக்குங்க. எந்தக் கடை வந்தாலும் நான் அங்க அடுப்பு வைப்பேன். ஆனா ஒன்னு. நாங்க சீட்ட எடுத்தப்ப அது கெட்ட எடமா இருந்திச்சி. சுவத்த வெட்டுனது நாங்க. நாளைக்கு வேற எடம் குடுத்தா, அங்கயும் எதையாச்சும் வெட்டுவோம். அப்புறம் அதையும் குலுக்குவீங்களா?"

சிரிப்பு எழுந்தது. பாய் மேசையைத் தட்டினார். தலைவர் ஸ்ட்ராபெரி அம்மாவைப் பார்த்தார். அவர் மெதுவாக எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மாத்த வேணாம் தவுக்கே. நான் கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன்." பிறகு என் கணவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். "எனக்கும் பின்னால ஒரு ஜன்னல் வெட்டித் தருவீங்களா, தம்பி?"

என் கணவர் பேச்சில் சிக்கனக்காரர். எழுந்து நின்று, "அளவு எடுத்துட்டு வரேன்" என்றார்.

டின் திறக்கப்படவே இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் போனபோது, வரிசை முழுவதும் ரம்பச் சத்தம். பாய் தன் சுவரைத் தானே அறுத்துக் கோணலாக்கிவிட்டு என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் தேன் போத்தல்களைப் பின்பக்கம் அடுக்கினார். ஸ்ட்ராபெரி அம்மாவின் புது ஜன்னலுக்கு வெளியே, பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் அப்போதே வரிசையில் நின்றார்கள். அண்ணி ஒரு தட்டு நிறைய வடையை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார். நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது.